ஓடாத படங்கள்



திரைப்படத்தைப் பற்றிப் பேசும்போது நம் மக்கள் வழங்கும் சொற்களுள் ‘ஓடுதல்’ என்பது பொருள் பொதிந்த ஒரு சொல். படம் நல்லதா என்று எவரும் முதலிற் கேட்பதில்லை. ஓடுகிறதா என்றே கேட்பர். ஐம்பதாம் நாள், நூறாம் நாள், வெள்ளிவிழா என்று நாட்கணக்கே படத்தின் தகுதிச் சான்றாகிவிடுகிறது. சுவரொட்டியிலே அந்த எண்ணைக் கண்டவர்கள் மேலும் திரண்டு செல்வர். எண்ணும் மேலும் வளரும். ஓடாத படமோ ஒரு வாரம் படமாளிகையில் ஒண்டியிருந்துவிட்டு, அடுத்த வாரம் வேறொரு படத்துக்கு இடம் விட்டுச் சென்றுவிடும். அதன் பின்னர் அதன் பெயரை எடுப்போர் எவருமிலர்.

இவ்வாறு ஓடாமற்போன படங்களுட் சிலவற்றைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். நான் திரைத்தொழிலைச் சார்ந்தவன் அல்லன். வரலாறு கற்பிக்கும் ஓர் ஆசிரியன். வென்றோர் வரலாற்றை மட்டும் படித்துவிட்டு ஒரு காலத்தை அறிந்துகொண்டோம் என்று சொல்ல முடியாது என்பதை மாணவர்க்குச் சொல்லிச் சொல்லிப் பழகியவன். அந்தப் பழக்கமே என்னைத் தோற்ற படங்களின் பக்கம் இழுத்துச் சென்றது.

தொடக்கத்திலேயே ஒரு வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். ஒரு நூல் வெளிவந்த காலத்திலே பத்துப் பேரே அதனை வாங்கினார்கள் என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பத்துப் பிரதிகளுள் ஒன்று யாரோ ஒருவர் வீட்டு அலுமாரியில் உறங்கிக் கிடந்தாலும் போதும். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு பேரன் அதனைத் தூசி தட்டி எடுத்துப் படிப்பான். நூல் மறுபடியும் உயிர்பெற்றுவிடும். பழைய காலத்துத் திரைப்படத்துக்கு அந்த நல்வாய்ப்பு இருந்ததில்லை. ஆயிரம் அடி நீளமுள்ள ஒரு சுருள் பதினொரு நிமிட நேரமே ஓடும். இரண்டு மணி நேரப் படமென்றால் பதினொன்று பன்னிரண்டு சுருள்கள். அவற்றை வைக்க இடம் வேண்டும். காட்டக் கருவி வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வைத்திருப்போருக்கு அதனால் வருவாய் வேண்டும். வருவாய் தராத படத்தை எவர்தாம் காத்து வைப்பர்? ஆகவே நூல் தன் வாசகனுக்காகக் காத்திருக்கும். படமோ யாராவது காத்து வைத்தாலன்றிக் காத்திருக்க மாட்டாது. இந்த ஒரு வேறுபாடே இன்றைய பேச்சின் அடிப்படை.

முதலாவதாக ‘அந்த நாள்’ என்னும் படத்தை எடுத்துக்கொள்வோம். 1954ஆம் ஆண்டு ஏப்பிரல் 13ஆம் தேதி, தமிழ்ப் புத்தாண்டையொட்டிச் சென்னை ஏ.வி.எம். நிறுவனம் வெளியிட்ட படம் இது. இயக்கியவர் வீணை எஸ். பாலசந்தர். திரைக்கதை உரையாடலை எழுதியதோடு துப்பறியும் அதிகாரியாகவும் நடித்தவர் ஜாவர் சீதாராமன். இவர் 1950இல் வெளிவந்த ‘ஏழை படும் பாடு’ என்னும் படத்திலே ஜாவர் என்னும் காவல் அதிகாரியாக நடித்து, அந்தப் பாத்திரத்தின் பெயரையே தம் பெயரோடு பெற்றுக்கொண்டவர்.

யப்பானிய விமானம் 1943ஆம் ஆண்டு ஒற்றோபர் மாதம் 11ஆம் தேதி சென்னை நகரின்மீது குண்டு வீசியது. அந்த நிகழ்ச்சியின் நிழலிலேதான் கதை தொடங்குகிறது. இராசன் என்னும் வானொலிப் பொறியியலாளன் தன் வீட்டிலேயே சுடப்பட்டு இறக்கிறான். அவனாக நடித்தவர் சிவாஜி கணேசன். கதாநாயகன் முதற்காட்சியிலேயே மாண்டுபோகும் படம் அக்காலத்தில் எங்கே உண்டு? அதன்பின் வீட்டாரும் அயலாரும் ஒருவர்பின் ஒருவராக விசாரிக்கப்படுகின்றனர். மனைவி உஷாவாகப் பண்டரிபாய் தோன்றுகிறார். ஒவ்வொருவர் வாய்மொழியிலும் ஒவ்வோர் இராசன் நம் கண்முன் எழுகின்றான். ஒருவருக்கு அவன் அறிவாளி, இன்னொருவருக்குத் தன்னலக்காரன், வேறொருவருக்கு வஞ்சகன். மலிவு விலையிலே வானொலிப் பெட்டி செய்து ஏழை மக்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும் என்று ஆசைப்பட்டவன், அந்த ஆசைக்கு ஆதரவு கிடைக்காத கசப்பிலே எவ்வாறு நாட்டுக்கே வஞ்சனை செய்பவனாக மாறினான் என்பது மெல்ல மெல்ல வெளிப்படுகிறது. சுட்டவர் யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. பாராத நேயர்களின் இன்பத்தைக் கெடுப்பது பாவம்.

சென்னைக்கு வந்த அந்தக் குண்டுவீச்சு நமக்கும் அந்நியமான செய்தியன்று. அதற்கு ஒன்றரை ஆண்டுக்கு முன்னரே, 1942 ஏப்பிரல் 5ஆம் தேதி உயிர்த்த ஞாயிறன்று கொழும்பிலும், அதே மாதம் 9ஆம் தேதி திருகோணமலையிலும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. போர்க்கால இரவுகளின் இருளையும், அடுத்த வீட்டானையும் ஐயுறும் மனநிலையையும் அறிந்திருந்த தலைமுறையினர்க்கு அந்தப் படம் தம் சொந்த நினைவாகவே தோன்றியிருக்க வேண்டும். ஆயினும் படம் தோற்றது. காரணம் எளிது. படத்திலே ஒரு பாட்டும் இல்லை, நடனம் இல்லை, சண்டைக்காட்சியும் இல்லை.

இதிலே ஒரு விந்தை உண்டு. பாட்டில்லாத படத்தை எடுத்தவர் இசையறியாதவர் அல்லர். அவர் வீணைக் கலைஞர். குருவின்றித் தாமே கற்று உலகப் புகழ் பெற்றவர். தம் கையிலே இருந்த பெருஞ்செல்வத்தை, இந்தக் கதைக்கு அது வேண்டுவதில்லை என்று கண்டு, ஒதுக்கி வைத்தார். இல்லாதவன் கொடாதிருத்தல் இயல்பு. உள்ளவன் வேண்டாத இடத்திலே கொடாதிருத்தலே கலை. யப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவாவின் ‘ரஷோமோன்’ படத்தைத் திரைப்பட விழாவொன்றிலே கண்டு, பலர் பார்வையிற் கதை சொல்லும் முறையிலே பாலசந்தர் ஈடுபாடு கொண்டார் என்பர். அந்த முறையைக் கடன்கொண்டாலும், அதனுட் பெய்த வாழ்க்கை முற்றும் சென்னை நகரத்துக் கூட்டுக் குடும்பத்தின் வாழ்க்கையே. மாருதிராவின் ஒளிப்பதிவிலே மாடிப்படியும் சாளரக் கம்பியும் வீசும் நிழல்கள் தாமும் சாட்சி சொல்வனபோல அமைந்திருக்கும்.

எண்பதுகளிலே, வீடியோ டெக்கை ஊரார் வாடகைக்கு எடுத்து வந்து முற்றத்திலே வைத்துப் பார்த்த நாட்களில் நான் இந்தப் படத்தை முதன்முதலாகக் கண்டேன். அரை மணி நேரமாயிற்று. எங்கள் பெரியம்மா, “எப்ப தம்பி பாட்டு வரும்?” என்று கேட்டார். வராது என்றேன். “அப்ப என்ன படம் இது!” என்று பாயைச் சுருட்டினார். ஆனால் எழுந்து போகவில்லை. சுருட்டிய பாயின்மேலே அமர்ந்தபடி, முடிவுவரை கண்கொட்டாது பார்த்தார். அந்தப் பாய்தான் அந்தப் படத்துக்கு நான் அறிந்த மிகச் சிறந்த விமரிசனம்.

‘அந்த நாள்’ இந்திய அரசின் நற்சான்றிதழைப் பெற்றது. அதைவிடப் பெரும் பேறு, அதனைத் தயாரித்தது ஒரு பெரிய நிறுவனமாக இருந்தமை. தோற்ற பிள்ளையையும் தன் வீட்டிலே வைத்துக் காக்க அதற்கு இடம் இருந்தது. அதனாலே பிற்காலத்திலே தொலைக்காட்சி வழியாகவும் ஒளிநாடா வழியாகவும் புதிய தலைமுறைகள் அதனைக் கண்டு வியந்தன. முதல் வாரத்திலே கைவிடப்பட்ட படத்துக்கு அடுத்த அரை நூற்றாண்டு கைகொடுத்தது.

இனி, சென்னையை விட்டு நம் நாட்டுக்கு வருவோம். சிங்களத் திரைப்படத்தின் பிறப்பிலே தமிழ்நாட்டுக்கும் பங்குண்டு என்பது நேயர்களிற் பலர் அறிந்ததே. முதலாவது சிங்களப் பேசும் படமாகிய ‘கடவுனு பொறொந்துவ’ 1947ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே திரைக்கு வந்தது. அதைத் தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்னும் தமிழர். படம் பிடிக்கப்பட்டது மதுரையிலே. அடுத்து வந்த ஆண்டுகளிலே பல சிங்களப் படங்கள் தென்னிந்திய ஸ்ரூடியோக்களின் உள்ளேயே உருவாகின. சிங்களக் கிராமம் என்று திரையிலே காட்டப்பட்டது பலகையிலே தீட்டிய மரமும், அட்டையிலே செய்த குடிசையும் ஆகும். வசனமும் பாட்டும் தமிழ், இந்திப் படங்களின் வார்ப்பிலே அமைந்தன.

இந்த வழக்கத்தை முறித்தது 1956ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த ‘ரேகாவ’ என்னும் படம். ரேகாவ என்றால் கோடு. கைரேகையாகிய விதிக்கோடு என்றும் கொள்ளலாம். இயக்கியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ். அரசாங்கத் திரைப்படப் பிரிவிலே பணியாற்றிய அவர், அங்கே உடன் பணியாற்றிய ஒளிப்பதிவாளர் வில்லியம் பிளேக், படத்தொகுப்பாளர் ரைட்டஸ் டி சில்வா ஆகிய இருவரோடும் வெளியேறி, கமராவைத் தூக்கிக்கொண்டு நேரே கிராமத்துக்குச் சென்றார். கொளுத்தும் வெயிலும், உண்மையான வயலும், உண்மையான ஒழுங்கையும் சிங்களக் கதைப்படத்திலே அவ்வாறு முழுமையாக இடம்பெற்றது அதுவே முதன்முறை.

கதை சிறியது. பொய்க்காலில் நடந்து வித்தை காட்டும் ஒருவன் ஒரு கிராமத்துக்கு வருகிறான். சேன என்னும் சிறுவனோடு நட்புக் கொண்டு, அவன் கையைப் பார்த்து, நீ நோய் தீர்க்கும் பெருமகன் ஆவாய் என்று சொல்கிறான். சேனவின் தோழி அனுலா பார்வை இழக்கிறாள். சிறுவன் அவள் கண்களைத் தொட, பார்வை மீள்கிறது. அவ்வளவுதான்! ஊர் முழுவதும் திரண்டு வருகிறது. தந்தையின் பேராசை விழித்துக்கொள்கிறது. பிள்ளையின் கையை வைத்துப் பணம் ஈட்டும் வணிகம் தொடங்குகிறது. பின்னர் ஒரு குழந்தை குணமாகாது இறந்துபோகவும், மழை பொய்க்கவும், முன்னர்க் கையைத் தொட்டு வணங்கிய அதே ஊர் அந்தச் சிறுவனையே பழிக்கத் தொடங்குகிறது.

இந்தக் கதையிலே வில்லன் என்று தனியாக ஒருவனைச் சுட்டுதல் அரிது. நம்பிக்கை என்னும் நல்ல குணமே இடம் மாறும்போது கொடுமையாகிவிடுகிறது. கூட்டம் ஒருவனைத் தோளிலே ஏற்றுவதற்கும் காலிலே போட்டு மிதிப்பதற்கும் இடையிலே நீண்ட தூரம் இல்லை என்பதை, ஒரு சொற்பொழிவும் இன்றி, ஒரு சிறுவனின் முகத்தைக் கொண்டே இப்படம் காட்டிவிட்டது. நம் நாட்டின் பின்னைய வரலாற்றை அறிந்த நாம் இன்று அந்தப் படத்தைப் பார்க்கும்போது, கூட்டத்தின் முகம் மாறும் காட்சிகள் நெஞ்சைச் சுடுகின்றன.

படம் 1957ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் கான் திரைப்பட விழாவிலே போட்டிக்குத் தெரிவாயிற்று. அறிஞர்கள் புகழ்ந்தார்கள். ஆனால் உள்நாட்டிலே வசூல் இல்லை. பழகிய நடனமும் நகைச்சுவையும் காணாத மக்கள் வாளாவிருந்துவிட்டனர். பீரிஸ் சோர்ந்துவிடவில்லை. 1963இல் அவர் ஆக்கிய ‘கம்பெரலிய’ புது தில்லியிலே 1965இல் நடைபெற்ற அனைத்துலக விழாவிலே தங்கமயில் விருதைப் பெற்றது. அதன்பின்னரே பலர் திரும்பி ‘ரேகாவ’வை நோக்கினர். பின்னே வந்த வெற்றி முன்னே வந்த தோல்விக்கு மதிப்பளித்தது என்று சொல்லலாம். படைத்தவர் நீண்ட காலம் வாழ்ந்து தொடர்ந்து படைத்தால், அவருடைய பழைய படத்துக்கும் ஒரு காவல் கிடைக்கிறது.

மூன்றாவது படம் நம் மொழியிலே, நம் மண்ணிலே எடுக்கப்பட்டது. அதற்கு அத்தகைய காவலும் எளிதிலே கிடைக்கவில்லை. 1977ஆம் ஆண்டு வெளிவந்த ‘பொன்மணி’யையே குறிப்பிடுகிறேன்.

இலங்கைத் தமிழ்த் திரைப்படம் 1960களின் தொடக்கத்திலே ‘சமுதாயம்’, ‘தோட்டக்காரி’ ஆகிய முயற்சிகளோடு அரும்பியது. 1972ஆம் ஆண்டு அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொழிற்படத் தொடங்கி, வெளிநாட்டுப் படங்களின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, உள்நாட்டுத் தமிழ்ப் படங்களுக்கும் சிறிது மூச்சுவிட இடம் கிடைத்தது. ‘குத்துவிளக்கு’ அந்த ஆண்டிலேயே வந்தது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவிய ‘வாடைக்காற்று’ 1978இல் வந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலே வந்ததே ‘பொன்மணி’.

இதனை இயக்கியவர் தர்மசேன பத்திராஜ. சிங்களத் திரையுலகிலே நகரத்து வேலையற்ற இளைஞர்களின் வாழ்வை ‘அஹஸ் கவ்வ’ என்னும் படத்தின் மூலம் 1974இல் காட்டிப் பெயர்பெற்றவர். யாழ்ப்பாணத்துப் பல்கலைக்கழக வளாகத்திலே விரிவுரையாளராகப் பணியாற்றியவர். கதை வசனத்தில் காவலூர் இராஜதுரை துணைநின்றார். பல்கலைக்கழகத்தோடும் நாடக அரங்கோடும் தொடர்புடையோர் பலர் நடித்தனர். அந்தக் காலத்திலே ஒரு சிங்களக் கலைஞர் யாழ்ப்பாணத்திலே வாழ்ந்து, தமிழ்க் குடும்பமொன்றின் அகவாழ்வை அதன் மொழியிலேயே படமாக்கினார் என்பதை இன்று நினைக்கும்போது வியப்பும் ஏக்கமும் ஒருங்கே எழுகின்றன.

கதை நாம் வெளிப்படையாகப் பேச விரும்பாத இரண்டு பொருள்களைப் பற்றியது. ஒன்று சீதனம், மற்றொன்று சாதி. நொடிந்துபோன உயர்குடிக் குடும்பம் ஒன்று. மூத்தவளுக்குச் சீதனம் சேராமையால் மணம் தள்ளிப்போகிறது. இளையவள் பொன்மணி சாதி எல்லையைக் கடந்து ஒருவனை விரும்புகிறாள். முடிவு துயரமானது. இவற்றைச் சொல்லும்போது படம் உரத்துப் பேசவில்லை. நீண்ட வசனம் பேசிக் கண்ணீர் வடிக்கும் தாய் இல்லை. அறிவுரை கூறும் பெரியவர் இல்லை. வேலியும், படலையும், வெயிலிலே வெறுமையாய்க் கிடக்கும் வெளியும், கடற்கரையும் மெல்ல மெல்ல வந்துபோகின்றன. வீடு என்பது எவ்வளவு அன்பானதோ அவ்வளவு இறுக்கமானதும் ஆகும் என்பதை அந்த மௌனமே சொல்லிவிடுகிறது.

‘பொன்மணி’ சில நாட்களே ஓடியது. வெலிங்டன், ராணி, மனோகரா என்று யாழ்ப்பாணத்திலே எத்தனை படமாளிகைகள் இருந்தன! அவற்றின் வாயிலிலே சென்னைப் படங்களுக்காக விடியற்காலையிலேயே வரிசையிலே நின்ற மக்கள், தம் வீட்டு முற்றத்தையே காட்டிய படத்தைக் காண நிற்கவில்லை. நான் அப்போது சிறுவன். பல்லாண்டு கழித்து ஒரு சிறிய திரையிடலிலே, மங்கிய பிரதியொன்றிலேதான் அதனைக் காணும் பேறு பெற்றேன். மங்கிய பிரதியிலும் சில காட்சிகள் என் உறவினர் வீடுகளுக்குள்ளேயே என்னை அழைத்துச் சென்றன. திரையிடல் முடிந்தபின் கைதட்டல் எழவில்லை; சிறிது நேரம் எவரும் இருக்கையை விட்டு எழவுமில்லை.

நேயர்களே, இவ்வளவும் கேட்டபின், பாராத மக்களையே குற்றஞ்சொல்லத் தோன்றலாம். அது நியாயமன்று. நாள் முழுவதும் தோட்டத்திலும் கடையிலும் உழைத்தவன் கலரியிலே ஓர் இடம் வாங்கி, மூன்று மணி நேரம் தன் துயரை மறக்க விரும்பினால் அதிலே என்ன பிழை? பாட்டு நமது மரபிலே ஒட்டுறுப்பன்று. கூத்திலும் நாடகத்திலும் அதுவே உயிர். அந்த மரபிலே வளர்ந்தவன் பாட்டில்லாத படத்தைக் கண்டு திகைப்பது இயல்பே. மேலும், படம் தோற்பதற்குப் பார்ப்போன் மட்டும் காரணமல்லன். படத்துக்கும் மக்களுக்கும் இடையிலே விநியோகத்தர் உளர்; படமாளிகை உரிமையாளர் உளர்; விளம்பரம் உண்டு. 1960ஆம் ஆண்டிலே வங்காள இயக்குநர் நிமாய் கோஷ் சென்னையிலே தமிழில் எடுத்த ‘பாதை தெரியுது பார்’ தொழிலாளர் வாழ்வைச் சொன்ன படம். எம். பி. சீனிவாசன் அமைத்த அதன் பாடல்கள் வானொலி வழியாக நாடெங்கும் ஒலித்தன. படமோ போதிய படமாளிகைகளுக்குப் போய்ச் சேரவில்லை. பாட்டைக் கேட்டோர் ஆயிரம். படத்தைக் கண்டோர் சிலர். மக்கள் ஏற்கவில்லை என்று சொல்வதற்கு முன், மக்களுக்குக் காட்டப்பட்டதா என்று கேட்க வேண்டும்.

ஆகவே, ஓடாமை ஒரு குற்றமன்று. தற்காலிகமான ஒரு நிகழ்ச்சி. அதனை நிலையான மரணமாக மாற்றுவது நமது அசட்டையே. இங்கேதான் நான் தொடக்கத்திற் சொன்ன வேறுபாடு முழு வன்மையோடு நம் முன்னே வந்து நிற்கிறது.

பழைய படச்சுருள்கள் நைத்திரேற்று என்னும் பொருளாலானவை, எளிதிலே தீப்பற்றுவன. பின்னர் வந்த அசற்றேற்றுச் சுருள்கள் தீக்குத் தப்பினும், வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து, புளித்த காடியின் மணம் வீசிச் சுருங்கிப் போவன. நம் நாடுகளின் காலநிலைக்கு இதைவிட ஏற்ற இரை வேறில்லை. ஓடி முடிந்த சுருள்களிலிருந்து வெள்ளியைப் பிரித்தெடுத்து விற்றவர்களும் உண்டு. 1931இல் வெளிவந்த முதல் தமிழ்ப் பேசும் படமாகிய ‘காளிதாஸ்’ இன்று இல்லை. சில நிழற்படங்களும் செய்திகளுமே எஞ்சியுள்ளன. ஜெயகாந்தன் தாமே எழுதி 1965இல் தாமே இயக்கிய ‘உன்னைப்போல் ஒருவன்’ இந்திய அரசின் விருதைப் பெற்ற படம். அதன் கதையை நூலாக இன்றும் வாங்கிப் படிக்கலாம். படத்தின் பிரதி எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. ஒரே ஆசிரியர், ஒரே கதை. தாளிலே எழுதியது வாழ்கிறது. ஒளியிலே எழுதியது அழிந்தது.

நம் நாட்டிலோ காலநிலையோடு கலவரமும் சேர்ந்துகொண்டது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததை உலகம் அறியும். 1983 யூலை மாதத்திலே வத்தளைக்கு அண்மையிலுள்ள ஹெந்தளையில் இருந்த விஜயா ஸ்ரூடியோ தீக்கிரையானதைப் பலர் மறந்துவிட்டனர். அங்கே பல படங்களின் மூலப்பிரதிகள் எரிந்தன. தீ மொழி பார்ப்பதில்லை. சிங்களப் படமும் தமிழ்ப் படமும் ஒரே புகையாகச் சென்றன. அதன்பின் வந்த இடப்பெயர்வுகளிலே, பாட்டுப் புத்தகங்களும், விளம்பரத் தாள்களும், வீட்டிலே பேணிய நிழற்படங்களும் எத்தனை எத்தனை அழிந்தன என்பதற்குக் கணக்கில்லை.

ஆயினும் நம்பிக்கைக்கு இடமில்லாமல் இல்லை. ‘கம்பெரலிய’ அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றின் முயற்சியாற் செப்பனிடப்பெற்று, 2008இல் மீண்டும் கான் விழாவிலே காட்டப்பட்டது. பீரிஸின் ‘நிதானய’ எஞ்சிய பிரதியைக் கொண்டு இத்தாலியிலே புதுக்கப்பெற்று, 2013இல் வெனிஸ் நகர விழாவிலே திரை கண்டது. நம் படத்தை நாம் காண அந்நிய நாட்டார் துடைத்துத் தரவேண்டியிருந்தது என்பது பெருமையோ சிறுமையோ, நேயர்களே தீர்மானித்துக்கொள்ளலாம். பீரிஸ், பத்திராஜ ஆகிய இருவரும் 2018ஆம் ஆண்டிலே சில மாத இடைவெளியிற் காலமாயினர். படைத்தவர் போனபின் படைப்பைக் காக்கும் பொறுப்பு முழுவதும் பார்ப்போருடையதாகிறது.

இது நமக்குப் புதிய பொறுப்பும் அன்று. சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலே, சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளைத் தேடித் தேடி அலைந்தார். 1887இல் அவர் கலித்தொகையை அச்சேற்றியிராவிட்டால், அதனைக் கற்போர் எத்தனை காலம் காத்திருந்திருப்பரோ! அந்த ஏடுகளும் அவர் காலத்திலே ‘ஓடாத’ நூல்களே. அவற்றைக் கேட்போர் இல்லை; விற்பனை இல்லை. ஆயினும் ஒருவர், இது நம்முடையது, இது அழியக்கூடாது என்று எண்ணினார். ஏட்டுக்குச் செல், சுருளுக்குக் காடிமணம். நோயின் பெயர் வேறு, மருந்து ஒன்றே.

எங்கள் பாடசாலையிலே மேல்வகுப்பு மாணவர்க்கு ஆண்டுக்கு ஒருமுறையேனும் இத்தகைய படமொன்றைக் காட்டி வருகிறேன். ‘அந்த நாள்’ காட்டிய அன்று ஒரு மாணவன் எழுந்து, “சேர், இவர்கள் எல்லாரும் ஒரே ஆளைப் பற்றித்தான் சொல்கிறார்கள், ஆனால் ஒவ்வொருவர் சொல்வதும் வேறாக இருக்கிறதே. எவரை நம்புவது?” என்று கேட்டான். வரலாற்றுச் சான்றுகளை எடைபோடுவது எவ்வாறு என்று நான் ஒரு தவணை முழுவதும் கற்பிக்க முயன்ற பாடத்தின் தொடக்கக் கேள்வி அதுவே. எழுபது ஆண்டுகளுக்கு முன்னர்ப் படமாளிகை வாயிலிலே தோற்றுப்போன ஒரு படம், இன்றைய ஒரு சிறுவனின் உள்ளத்திலே அந்தக் கேள்வியை நட்டுவிட்டது. அந்தப் படம் ஓடவில்லை என்று இனி எப்படிச் சொல்வது?

ஆகவே நேயர்களிடம் எனது வேண்டுகோள் இதுவே. உங்கள் வீட்டிலே பழைய பாட்டுப் புத்தகமோ, படமாளிகை விளம்பரத் தாளோ, படப்பிடிப்பு நிழற்படமோ, பழுதான சுருளோ இருந்தால், குப்பை என்று எறிந்துவிடாதீர்கள். அருகிலுள்ள நூலகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தெரிவியுங்கள். நம் நாட்டுப் படங்களிலே நடித்தவர்கள், ஒளி பிடித்தவர்கள், கருவி இயக்கியவர்கள், கலரியில் அமர்ந்து பார்த்தவர்கள் உங்கள் அயலிலே வயது முதிர்ந்து வாழ்கிறார்கள் என்றால், அவர்கள் நினைவுகளைக் கேட்டு எழுதி வையுங்கள். ஒரு படம் அழிந்தபின், அதனைக் கண்டவரின் நினைவே அதன் கடைசிப் பிரதி. அந்தப் பிரதியையும் இழந்துவிட்டோமானால், அப்படி ஒரு படம் இருந்தது என்பதற்கே சான்று இராது.